ஆய்வுகூடப் பணியும் உடல்நலமும்: மலையகத்தில் இத்துறைக்குப் புதிதாக வருவோருக்கு

ஆய்வுகூட ஆபத்து என்றதும் வெடித்துச் சிதறும் குடுவையும் தீப்பற்றிய மேசையுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அவை நடக்காதவை அல்ல. ஆனால் ஆய்வுகூடத்தில் நீண்டகாலம் வேலை செய்தவர்களின் உடலைக் கெடுப்பவற்றைக் கணக்கெடுத்தால், அவற்றுள் பெரும்பாலானவை சத்தமில்லாமல் வருபவை: நாள்தோறும் சிறிது சிறிதாக மூச்சில் சேர்ந்த ஆவி, கையுறையைத் தாண்டித் தோலுக்குள் இறங்கிய கரைப்பான், மூடியைத் திரும்ப மாட்டும்போது விரலில் ஏறிய ஊசி, முறையாகக் கிருமி நீக்கப்படாத கழிவு. இக்கட்டுரை அவற்றைப் பற்றியது.

மலையகத்தில் ஆய்வுகூடம் என்பது பேராதனைப் பல்கலைக்கழகத்தோடு முடிந்துவிடும் விடயம் அல்ல. 1925இல் நிறுவப்பட்டு இன்று தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம், கன்னொறுவையில் உள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம், கண்டி, நுவரெலியா, பதுளை வைத்தியசாலைகளின் பரிசோதனைப் பிரிவுகள், ஹட்டன், பண்டாரவளை போன்ற நகரங்களின் சிறிய தனியார் இரத்தப் பரிசோதனை நிலையங்கள், பாலின் கொழுப்பை அளந்து விலை தீர்மானிக்கும் சேகரிப்பு நிலையங்கள், உயர்தர வகுப்பின் இரசாயனவியல் கூடம் எல்லாமே இந்தக் கணக்கில் அடங்கும். தோட்டக் குடும்பங்களிலிருந்து படித்து வரும் இளைஞர்களும் யுவதிகளும் இவ்விடங்களில் தொழினுட்பவியலாளர்களாகவும், உதவியாளர்களாகவும், கண்ணாடிப் பாத்திரம் கழுவும் சிற்றூழியர்களாகவும் சேர்கிறார்கள். வேலையை எப்படிச் செய்வது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்படுகிறது. அந்த வேலை உடலுக்கு என்ன செய்யும் என்பது பல இடங்களில் சொல்லப்படுவதே இல்லை.

முதலில் ஓர் அடிப்படைக் கருத்து. ஒரு பொருளுக்குத் தீங்கு செய்யும் ஆற்றல் இருப்பதை ஆபத்து என்றும், அந்தத் தீங்கு உண்மையில் ஒருவரைச் சேரும் வாய்ப்பை இடர் என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டையும் இணைப்பது வெளிப்பாடு, அதாவது அந்தப் பொருள் எந்த வழியாக, எவ்வளவு, எத்தனை நேரம் உடலைத் தொடுகிறது என்பது. வழிகள் நான்குதான்: மூச்சு, தோலும் கண்ணும், வாய், குத்துக் காயம். ஒரு வேலையைப் பார்த்து, இந்த நான்கில் எது திறந்திருக்கிறது என்று கேட்கப் பழகியவர் பாதுகாப்புக் கையேட்டின் பாதியைத் தானே எழுதிவிடுவார்.

பால் நிலையங்களில் செய்யப்படும் கேர்பர் பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். சுமார் 90 சதவீதச் செறிவுள்ள சல்பூரிக் அமிலம் 10 மில்லிலீற்றர், அதன்மேல் ஏறத்தாழ 11 மில்லிலீற்றர் பால், 1 மில்லிலீற்றர் அமைல் அற்ககோல் ஆகியவற்றைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, இறப்பர் அடைப்பானால் மூடிக் குலுக்குகிறார்கள். பின்பு அதை மையநீக்கியில் சுழற்றி, 65 பாகை செல்சியசு நீரில் வைத்துக் கொழுப்பு மட்டத்தை வாசிக்கிறார்கள். அமிலம் அலுமாரியில் மூடிய போத்தலில் இருந்தவரை ஆபத்து இருந்தது, இடர் மிகக் குறைவு. அதே அமிலம் பாலோடு கலந்து, கையால் பிடிக்க முடியாதபடி சூடேறி, அடைப்பானைத் தள்ளிக்கொண்டு நிற்கும் அந்தச் சில நொடிகளில் கண், முகம், மணிக்கட்டு எல்லாமே திறந்திருக்கின்றன. அடைப்பான் கழன்றால் சூடான அமிலம் முகத்தில்தான் தெறிக்கும். இத்தனைக்கும் இது காலையில் பால் வரும் வேளையில் அவசர அவசரமாக, திரும்பத் திரும்பச் செய்யப்படும் வேலை. குழாயைத் தடித்த துணியால் சுற்றிப் பிடிப்பது, அடைப்பான் பக்கத்தை எவருடைய முகத்துக்கும் நேரே காட்டாதிருப்பது, பக்கங்களும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி அணிவது, வெடிப்பு விழுந்த குழாயையும் இறுகிப்போன அடைப்பானையும் உடனே ஒதுக்குவது ஆகிய நான்கும் இருந்தால் இடர் பெருமளவு குறைந்துவிடும். மூக்குக் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

மூச்சின் வழி

வைத்தியசாலைகளில் இழையத் துண்டுகளைப் பேணவும், உடற்கூற்றுக் கூடங்களில் உடல்களைப் பாதுகாக்கவும் பயன்படும் போமலின் என்பது நீரில் 37 முதல் 40 சதவீதம் வரை கரைந்த போமல்டிகைட்டு. இது கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். சிலருக்கு ஆஸ்துமாவைக் கிளப்பும். மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது என உறுதிசெய்யப்பட்ட பொருட்களின் முதலாவது தொகுதியில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இதைச் சேர்த்திருக்கிறது. மூக்குத் தொண்டைப் புற்றுநோயும் ஒருவகை இரத்தப் புற்றுநோயும் அதனோடு தொடர்புபடுத்தப்பட்டுள்ளன. இதில் ஏமாற்றும் அம்சம் மூக்குதான். அறைக்குள் நுழைந்ததும் குத்தும் வாசனை கொஞ்ச நேரத்தில் தெரியாமல் போகிறது. ஆவி குறைந்ததால் அல்ல, மூக்கு பழகிவிட்டதால். "எனக்கு இப்போது ஒன்றும் செய்வதில்லை" என்று மூத்த ஊழியர் சொல்வதைச் சகிப்புத்தன்மை என்று எடுத்துக்கொள்வது தவறு.

இங்கே மலைநாட்டுக் குளிர் ஒரு தனிச் சிக்கலைச் சேர்க்கிறது. சமவெளிக் கட்டடங்களுக்கு எழுதப்பட்ட அறிவுரைகள் "யன்னல்களைத் திறந்து வையுங்கள்" என்று எளிதாகச் சொல்லிவிடும். நுவரெலியாவில் தை மாதக் காலையில் யன்னலைத் திறந்து வைத்து நுணுக்குக்காட்டியின் முன் உட்கார யாரும் விரும்பமாட்டார்கள். விளைவு, குளிருக்குக் கதவைச் சாத்திவிட்டு ஈர விறகை எரிக்கும் லயத்துக் குசினியின் நிலைமை: சூடு உள்ளே நிற்கிறது, புகையும் உள்ளே நிற்கிறது. போமலின், சைலீன், மெதனோல் போன்றவற்றைக் கையாளும் அறைக்கு இயற்கைக் காற்றோட்டத்தை நம்பக்கூடாது. காற்றை வெளியே இழுக்கும் விசிறியோ ஆவி உறிஞ்சும் அலுமாரியோ அவசியம். அந்த அலுமாரியின் முகப்பில் காற்று நொடிக்கு ஏறத்தாழ அரை மீற்றர் வேகத்தில் உள்ளே செல்ல வேண்டும். கண்ணாடிக் கதவை முழுக்க உயர்த்திவிட்டு வேலை செய்தால் அந்த வேகம் கிடைக்காது. வெற்றுப் போத்தல்களை அடுக்கும் இடமாக அதை மாற்றிவிட்டாலும் காற்று உள்ளே சுழன்று மீண்டும் முகத்துக்கே வரும்.

தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும் வேறு இரண்டு அலுமாரிகளையும் பிரித்தறிய வேண்டும். இழைய வளர்ப்பில் தேயிலைக் கன்றையோ உருளைக்கிழங்கு நாற்றையோ வளர்க்கும் ஆய்வுகூடங்களில் உள்ள லமினார் ஃப்ளோ மேசை, வடிகட்டிய தூய காற்றை உள்ளேயிருந்து வேலை செய்பவரை நோக்கி வீசுகிறது. அது செடியைக் காக்கிறது, ஆளைக் காப்பதில்லை. காசநோய் ஐயமுள்ள சளி மாதிரியை அதில் திறந்தால் கிருமிகளைத் தன் முகத்தின்மேல் தானே ஊதிக்கொள்வதாக முடியும். அந்த வேலைக்கு உரியது காற்றை உள்ளிழுத்து வடிகட்டும் உயிரியல் பாதுகாப்பு அலுமாரி மட்டுமே.

தோலின் வழி

கையுறை போட்டுவிட்டால் கை பாதுகாப்பாக இருக்கிறது என்ற நம்பிக்கைக்கு விலையாக ஓர் உயிர் போயிருக்கிறது. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் இரசாயனவியல் பேராசிரியையாக இருந்த கேரன் வெட்டர்ஹான், 1996 ஆகஸ்டில் ஆவி உறிஞ்சும் அலுமாரியின் உள்ளே வேலை செய்துகொண்டிருந்தபோது, இருமெதைல் பாதரசத்தின் சில துளிகள் அவருடைய லேற்றெக்ஸ் கையுறையின்மேல் விழுந்தன. அக்கால விதிகளின்படி அவர் பிழை எதுவும் செய்யவில்லை. மாதங்கள் கழித்தே நடையும் பேச்சும் தடுமாறத் தொடங்கின; 1997 யூனில் அவர் இறந்தார். அச்சேர்மம் லேற்றெக்ஸை 15 நொடிகளுக்குள் ஊடுருவிவிடும் என்பது அதன்பின் செய்த சோதனைகளில் தெரியவந்தது. நம் ஆய்வுகூடங்களில் அந்தச் சேர்மம் இருக்கப்போவதில்லை, ஆனால் பாடம் அப்படியே பொருந்தும்: ஒவ்வொரு கையுறையும் ஒருசில பொருட்களையே, ஒருசில நிமிடங்களுக்கே தடுக்கும். நைத்திரைல் கையுறை பல எண்ணெய்ப் பொருட்களைத் தாங்கும். அசற்றோன் அதை விரைவில் கடந்துவிடும். நனைந்த கையுறையை "கொஞ்சம்தானே" என்று விட்டுவிடாமல் அப்போதே கழற்ற வேண்டும்.

மண் பரிசோதனையில் இதற்கு நெருக்கமான உதாரணம் உண்டு. தேயிலை மண்ணின் சேதனக் காபனை அளக்கப் பயன்படும் வோக்லி-பிளாக் முறையில் பொற்றாசியம் இருகுரோமேற்றும் செறிந்த சல்பூரிக் அமிலமும் தேவை. செம்மஞ்சள் நிற இருகுரோமேற்றில் இருப்பது ஆறு வலுவளவுள்ள குரோமியம். தோலில் ஆறாப் புண்ணையும் ஒவ்வாமையையும் ஏற்படுத்தும், தூளாக மூச்சில் போனால் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும். அதை நிறுக்கும்போது தூள் பறக்காமல் பார்ப்பதும், எஞ்சிய கரைசலைத் தொட்டியில் ஊற்றி ஓடைக்கு அனுப்பாமல் தனிக் கலனில் சேர்ப்பதும் கட்டாயம். மலையில் ஊற்றியது கீழே குடிநீர் எடுப்பவரிடம் போய்ச் சேரும் என்பதை இங்கே வசிப்பவருக்கு விளக்கத் தேவையில்லை.

குருதியும் கிருமியும்

வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் சேர்பவர் முதலில் அறிய வேண்டிய எண்கள் இவை. நோயுள்ளவரின் குருதி பட்ட ஊசி குத்திவிட்டால், எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு 1000இல் சுமார் 3. ஹெபடைட்டிஸ் சி 100இல் 2 அல்லது அதற்கும் குறைவு. தடுப்பாற்றல் இல்லாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி 100இல் 6 முதல் 30 வரை. மக்கள் அஞ்சுவது முதலாவதற்கு, அதிகம் தொற்றுவது கடைசியானது. அந்தக் கடைசி நோய்க்குத்தான் நல்ல தடுப்பூசி இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு வழமையாக மூன்று தடவை, முதலாவதற்குப் பின் ஒரு மாதத்திலும் ஆறு மாதத்திலும் ஏற்றப்படும். பின்பு குருதியில் எதிருடல் போதிய அளவு உருவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இலங்கையில் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் இது 2003இலிருந்தே சேர்க்கப்பட்டது. அதற்கு முன் பிறந்தவர்கள் "சின்ன வயதில் எல்லா ஊசியும் போட்டாயிற்று" என்று இருந்துவிடக்கூடாது.

ஊசி குத்திய உடன் செய்ய வேண்டியது எளிது: அந்த இடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கழுவுதல். அழுத்திப் பிழிவதும், குளோரின் திரவம் ஊற்றுவதும், வாயில் வைத்து உறிஞ்சுவதும் வேண்டாம். பின்பு தாமதிக்காமல் மேலாளரிடம் சொல்லி வைத்தியரைக் காண வேண்டும், ஏனென்றால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இயன்றவரை சில மணி நேரத்துக்குள்ளும், எப்படியும் 72 மணித்தியாலத்துக்குள்ளும் தொடங்கி 28 நாட்கள் எடுக்க வேண்டும். ஏச்சு விழும் என்று அஞ்சிச் சொல்லாமல் மறைப்பவர் இழப்பது இந்த நேரத்தைத்தான். இதில் குற்றம் பெரும்பாலும் ஊழியருடையது அல்ல, பயன்படுத்திய ஊசியைப் போடும் பெட்டியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்காத நிருவாகத்தினுடையது என்பது என் கருத்து.

குத்தாமலும் கிருமி வரும். மையநீக்கியில் குழாய் உடைந்தால் கண்ணுக்குத் தெரியாத திவலைகள் அறையில் மிதக்கும். இயந்திரத்தை நிறுத்தி, அரை மணித்தியாலம் மூடியைத் திறக்காமல் விட வேண்டும். நெருப்புக் காய்ச்சல் கிருமி வளர்ப்புத் தட்டிலிருந்து விரல் வழியாக வாய்க்குப் போகும். கால்நடை மாதிரிகளில் இருக்கக்கூடிய புரூசெல்லா, உலகெங்கும் ஆய்வுகூட ஊழியர்களை அதிகம் தொற்றிய பற்றீரியாக்களுள் ஒன்று. ஆய்வு மேசையில் தேநீர் குடிப்பதும் கையுறையோடு கைத்தொலைபேசியை எடுப்பதும் இதனால்தான் தடுக்கப்பட்டிருக்கின்றன.

உயரம் மாற்றும் கணக்கு

கிருமி நீக்கும் ஓட்டோகிளேவ் 121 பாகையில் 15 நிமிடம் இயங்க வேண்டும், அதற்குச் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அமுக்கம் தேவை என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. அந்த 15 கடல்மட்டத்துக்கான எண். அமுக்கமானி காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு அதிகம் என்பதையே. கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் வெளிக்காற்றின் அமுக்கமே ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நீர் அங்கே சுமார் 94 பாகையில் கொதித்துவிடுவதும் அதனால்தான். ஆகவே அமுக்கமானியை மட்டும் நம்பி 15இல் நிறுத்தினால் உள்ளே வெப்பநிலை 118 பாகையைக்கூட எட்டாது. 121ஐ அடைய நுவரெலியாவில் ஏறக்குறைய 18, ஹட்டன், தலவாக்கலைப் பகுதிகளில் ஏறக்குறைய 17 இறாத்தல் வேண்டும். கலன் அவ்வளவு தாங்குமா என்று உற்பத்தியாளரின் குறிப்பில் உறுதிப்படுத்தாமல் அமுக்கத்தைக் கூட்டக்கூடாது. தாங்காதென்றால் நேரத்தை இருமடங்குக்குமேல் நீட்ட வேண்டும். வெப்பநிலை உணரியால் இயங்கும் புதிய இயந்திரங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் சிறிய நிலையங்கள் பலவற்றில் இருப்பது பிரஷர் குக்கர் போன்ற பழைய வகை. நிறம் மாறும் நாடா சூடு பட்டதை மட்டுமே காட்டும். கிருமி அழிந்ததா என்பதை வெப்பத்தைத் தாங்கும் பற்றீரிய வித்திகள் பூசிய சோதனைப் பட்டியே காட்டும். இது ஏன் தொழில்சார் உடல்நல விடயம் என்றால், பாதி வெந்த கழிவுப் பையை மறுநாள் கையால் தூக்கிப் பிரிப்பவர் ஒரு சிற்றூழியர்.

குளிரும் தன் பங்குக்குச் சில வேலைகளைச் செய்கிறது. செறிந்த அசற்றிக் அமிலம் 16.6 பாகைக்குக் கீழே உறைந்து கட்டியாகிவிடும். நுவரெலியா அறையில் இது சாதாரணம். அவசரத்துக்குப் போத்தலைச் சுவாலையிலோ சூடான தட்டிலோ வைப்பவர்கள் உண்டு. கண்ணாடி வெடித்தால் தோலைப் பொசுக்கும் அமிலமும், சுமார் 40 பாகையிலேயே தீப்பற்றக்கூடிய அதன் ஆவியும் ஒன்றாக வெளிவரும். மூடியைச் சற்றுத் தளர்த்தி, இளஞ்சூட்டு நீரில் மெதுவாக உருக்குவதே முறை.

கண்ணில் அமிலம் பட்டால் 15 நிமிடம் நீரில் கழுவ வேண்டும் என்ற விதியும் குளிரில் தோற்றுப்போகிறது. கண் கழுவும் நீர் 16 முதல் 38 பாகைக்குள் இருக்க வேண்டும் என்று அமெரிக்க நியமம் ஒன்று வரையறுக்கிறது. மலைக் குழாயின் காலைத் தண்ணீரில் கண்ணைத் திறந்துகொண்டு ஒருவர் இரண்டு நிமிடம் நிற்பதே அரிது. கட்டடத்தின் உட்புறத்தில் வைத்த தொட்டியிலிருந்து, கடுங்குளிர் போன நீர் வரும்படி குழாயை அமைப்பது பெரிய செலவு அல்ல.

முதுகு, கழுத்து, கட்டைவிரல் வலிகளையும் மறக்க வேண்டாம். நாள் முழுவதும் நுணுக்குக்காட்டியில் குனிவதும் திரவத்தை அளந்தெடுக்கும் குழாயியைக் (பிப்பெற்) கட்டைவிரலால் அழுத்துவதும் தசைநாண்களைப் பாதிக்கும். இடையிடையே வேலையை மாற்றிக்கொள்வது உதவும். கருவுற்றிருக்கும் பெண்கள் அதை இயன்றவரை முன்னதாகவே தெரிவித்து, கரைப்பான்களையும் சில கிருமிகளையும் கையாளும் பணியிலிருந்து மாற்றம் கேட்கலாம்.

தடுப்பு முறைகளுக்கு ஒரு வரிசை உண்டு. ஆபத்தான பொருளை விலக்க முடியுமா, இல்லையென்றால் மாற்ற முடியுமா என்று பார்ப்பது முதலில். பாதரச வெப்பமானியைக் கைவிடுவது அப்படியான ஒன்று. அடுத்தது உறிஞ்சும் அலுமாரி போன்ற சாதனம், அதற்கடுத்தது வேலை முறையையும் நேரத்தையும் திருத்துவது. கையுறையும் முகக்கவசமும் கடைசிப்படி. கடைசிப்படியை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பாதுகாப்பு முடிந்தது என்று சொல்லும் இடங்களே அதிகம்.

இவ்வளவும் தெரிய வேண்டியவர்களுக்கு எந்த மொழியில் சொல்லப்படுகிறது? போத்தலின் எழுத்து ஆங்கிலத்தில் இருக்கும். அதைக் கழுவும் தமிழ்ப் பெண்ணுக்கு அது படமாகவே தெரியும். நல்லவேளையாக, சிவப்புச் சாய்சதுரத்துக்குள் வரும் ஒன்பது அடையாளங்கள் உலகெங்கும் ஒன்றே. மண்டையோடு உடனடி நஞ்சைக் குறிக்கும். கையையும் உலோகத்தையும் அரிக்கும் திரவம் அமிலங்களையும் காரங்களையும் குறிக்கும். மார்பில் வெடித்த நட்சத்திரத்தோடு நிற்கும் மனித உருவம் புற்றுநோய், கருப்பாதிப்பு, உறுப்புச் சிதைவு போன்ற பிந்திய தீங்குகளைக் குறிக்கும். கடைசி அடையாளமே அதிகம் கவனிக்கப்படாதது. ஒவ்வொரு இரசாயனத்துக்கும் 16 பிரிவுகள் கொண்ட பாதுகாப்புத் தரவுத்தாள் உண்டு. 4ஆம் பிரிவு முதலுதவியையும் 8ஆம் பிரிவு கையுறை முதலிய காப்புகளையும் சொல்லும். அந்த இரண்டு பிரிவுகளை மட்டுமாவது தமிழிலும் சிங்களத்திலும் எழுதிச் சுவரில் ஒட்டுவது ஒரு பிற்பகல் வேலை.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின் காரணமாக நேரும் விபத்துக்கும் அதன் அட்டவணையில் உள்ள தொழில்சார் நோய்களுக்கும் நட்டஈடு வழங்குகிறது. ஆனால் நோய் வேலையால் வந்தது என்று காட்டப் பதிவு வேண்டும், மெதுவாக வரும் நோய்களில் அதுதான் இல்லாமல் போகிறது. வேலையில் சேரும்போதே மார்பு எக்ஸ்ரே, மூச்சுத் திறன், குருதிப் பரிசோதனைகளைச் செய்து அறிக்கைகளின் பிரதியைத் தன்னிடமும் வைத்துக்கொள்வது, எந்தக் காலத்தில் எந்தப் பொருளோடு வேலை செய்தோம் என்பதை ஒரு கொப்பியில் குறிப்பது, ஊசி குத்தியதோ அமிலம் தெறித்ததோ எதுவானாலும் விபத்துப் பதிவேட்டில் அன்றைக்கே எழுதுவிப்பது ஆகியவற்றுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. வேலையை விட்டுப் போகிறவர் சம்பளக் கடிதத்தோடு அந்தப் பதிவேட்டில் தன் பெயருள்ள பக்கங்களின் பிரதியையும் கேட்டு வாங்க வேண்டும்.